வாய்ப்பே இல்லை என்ற பதிலின் வரைவுகள்

1

“போன்ல பேசுறவங்களுக்கு நம்ம மூஞ்சி தெரியாதாப்பா?”

என் மகள் ஆறு வயதில் கேட்டது. காய்ச்சல் என்று அன்று பள்ளிக்குப் போகவில்லை. அவளைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஓர் அழைப்பைப் பேசி முடித்திருந்தேன்.

“தெரியாதும்மா. குரல் மட்டும்தான் கேக்கும்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள்.

இந்தக் கதை அங்கே பிறந்தது. அவளுக்கு இப்போது பதினொரு வயது. ஐந்து வருடமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிய ஒவ்வொரு வரைவும் நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததாலேயே தூக்கிப்போட வேண்டியிருந்தது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

‘பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒரு நிரலாளர் இருந்தார். அவருக்கு அகம்பாவம் கொஞ்சம் அதிகம். ஒருநாள் அவர்—’

அங்கே நிறுத்திவிட்டேன். பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை. மொத்தம் பதினொரு பேர், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படி ஏறும்போதே தோலும் பசையும் கலந்த வாசனை வரும். அகம்பாவமும் பொருந்தவில்லை. அகம்பாவம் பிடித்தவன் தன் தவறு தனக்கே தெரியாமல் இருப்பான். இந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது வரைவில் அந்த அழைப்பை எடுப்பவர் வாடிக்கையாளர் சேவைப் பெண். மூன்றாவதில் தொலைபேசி லைன் சரியில்லை, கேள்வி பாதிதான் காதில் விழுகிறது. உண்மையில் லைன் தெளிவாக இருந்தது. எதிர்முனையில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம்கூடக் கேட்டது.

ஆகவே ‘அவர்’ என்று எழுதிய இடங்களில் எல்லாம் ‘நான்’ என்று மாற்றினேன். இரண்டே எழுத்துதான். மாற்றுவதற்கு மூன்று வருடம் ஆயிற்று.

3

(கணினி என்றாலே பக்கத்தைப் புரட்டும் வாசகர்கள் இந்தப் பகுதியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் இதற்குள்தான் இருக்கிறது. நான் அதைப் புரியாத மொழியில் ஒளித்து வைத்துவிடக் கூடாது.)

நாங்கள் விற்றது ஃபயர்வால். வெளியிலிருந்து கணினிக்குள் நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்கும் மென்பொருள். சிறிய பள்ளிகளும் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் எங்களிடம் வாங்கின.

ஒரு கணினியில் சாதாரணப் பயனர் உண்டு. தன் வேலைக்கு வேண்டியதை மட்டும் அவர் திறக்கலாம். அவருக்கு மேலே அட்மின். அட்மின் எதையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். முழுக் கணினியையும் காக்க வேண்டும் என்பதால் எங்கள் ஃபயர்வாலுக்கும் அட்மினின் அதிகாரம் முழுவதும் உண்டு.

அதில் ‘சரிசெய்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், ஃபயர்வால் ஒரு ஃபோல்டரைத் திறந்து அங்கே இருக்கும் கட்டளைகளைத் தன் முழு அதிகாரத்தோடு நிறைவேற்றும். அந்த ஃபோல்டரில் எங்கள் மென்பொருளைத் தவிர யாரும் எழுத முடியக் கூடாது. ஆனால் எவரும் எழுதலாம் என்று இருந்தது. காவலாளியின் மேசையில் யார் சீட்டு வைத்துவிட்டுப் போனாலும், அது முதலாளி வைத்த சீட்டு என்று நம்பி அவர் பெட்டகத்தைத் திறந்துவிடுகிற மாதிரி.

அந்த ஃபோல்டரைத் திறந்துவிட்டது நான். ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் ஒரு பள்ளியில் நிறுவ வேண்டிய பதிப்பு பாதியில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அனுமதி கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: ‘தற்காலிகம். திங்கட்கிழமை மாற்ற வேண்டும்.’

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு திங்கட்கிழமை இருக்கும். என்னுடையது நான்கு வருடமாக வரவில்லை.

4

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் எங்கள் டெஸ்டரை எல்லாரும் ‘ஏன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பொத்தான் நீலமாக இருந்தால் ஏன் நீலம் என்பார். பச்சையாக்கினால் ஏன் மாற்றினீர்கள் என்பார். அவர்தான் அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்தார். சாதாரணப் பயனர் ஒருவர் பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் அட்மின் அதிகாரத்தைப் பெறுவது எப்படி என்று நான்கு படிகளில் தெளிவாக எழுதி, பிழைப் பட்டியலில் ஏற்றியிருந்தார்.

நான் அதைப் படித்தேன். ‘பிழை அல்ல. இதைச் செய்பவர் முன்பே கணினிக்கு உள்ளே இருக்க வேண்டும்’ என்று எழுதி அந்தப் பதிவை மூடினேன்.

“ஏன் தம்பி மூடினீங்க?”

“வெளியிலேர்ந்து யாரும் இதைச் செய்ய முடியாதுக்கா. உள்ள உக்காந்திருக்கிறவங்கதான் செய்ய முடியும்.”

“சரி. உள்ள உக்காந்திருக்கிறவங்க செஞ்சா?”

“அவங்க நம்மாளுங்கக்கா. உங்க வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து சாப்பிட்டா போலீஸைக் கூப்பிடுவீங்களா?”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

“என் வீட்டுக்காரரா இருந்தா கூப்பிடுவேன்,” என்றார் அக்கா. அதற்கும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

[ஒரு வரைவில் இங்கே ‘அவர் கண்கள் கலங்கின’ என்று எழுதியிருந்தேன். கலங்கவில்லை. கலங்கியிருந்தால் அன்றே திருந்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக எழுதிய வரி அது.]

நடந்தது வேறு. கொஞ்ச நேரம் கழித்து, என் கைபேசி அணையப் போவதைப் பார்த்துவிட்டு, தன் சார்ஜரைக் கழற்றிக்கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்துச் சொருகிக்கொண்டேன். மூடியதைத் திறக்கவில்லை.

5

இப்போது அந்த அழைப்பு.

கண் மருத்துவமனை ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அங்கே அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று கணினியில் இருந்தது. ஒருநாள் மதியம், நாற்பத்தொன்றாவது இடத்தில் இருந்த பெயர் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. இடையில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கு ஓர் இடம் பின்னால் தள்ளப்பட்டார்கள். மாற்றியது அட்மின் என்று பதிவாகியிருந்தது. அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒருவர்தான், மருத்துவமனையின் கணினிப் பராமரிப்பாளர்.

அவர்தான் கூப்பிட்டார், மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்த அன்று.

“சார், சாப்பிடுற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேனா?”

“இல்ல இல்ல, சொல்லுங்க.”

நடந்ததைச் சொன்னார். வரிசையாக, எதையும் விடாமல். எழுதி வைத்துப் படிக்கிறாரோ என்று தோன்றியது.

“நான் பண்ணல சார். ஆனா பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தானே இருக்கு, வேற யாரு பண்ணியிருக்க முடியும்னு கேக்குறாங்க. விசாரணை வெச்சிருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாஸ்வேர்டு இல்லாம, உங்க சாஃப்ட்வேர் வழியா யாராவது அந்த அதிகாரத்தை எடுத்துக்க முடியுமா?”

அக்கா எழுதிய நான்கு படிகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

“வாய்ப்பே இல்லைங்க,” என்றேன்.

“நிச்சயமாவா சார்?”

“நிச்சயமா.”

“சரிங்க சார். ரொம்ப நன்றி சார்.”

நன்றி சொன்னார். இந்தக் கதையில் என்னால் இன்றுவரை சத்தமாகப் படிக்க முடியாத வரி அது.

6

(எடுத்துவிட்டேன்.)

இங்கே நான்கு பக்கம் இருந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஒருத்தி, பார்வை மங்கிக்கொண்டே வரும் அவளுடைய அம்மா, கைநடுங்க அவள் அந்தப் பொத்தானை அழுத்துவது. நன்றாக வந்திருந்தது. படித்துக்காட்டியபோது என் மனைவி அழுதாள்.

ஆனால் பட்டியலை யார் மாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் நிறுத்தி வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காக ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் உண்டாக்கினேன். வாசகர் இரக்கம் முழுவதும் அவர்களிடம் போய்விட்டால், பின்னால் நிற்கும் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

7

அதற்கு அடுத்த வாரங்களில் நான் செய்தவை இரண்டு.

ஒன்று, பிரார்த்தனை. தினமும் காலையில் பத்து நிமிடம் கண்மூடி உட்காருவது சிறுவயதிலிருந்து என் வழக்கம். ‘கடவுளே, அந்த மனிதருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்’ என்று உருகி வேண்டினேன். நான் செய்ய வேண்டிய வேலையைக் கடவுளிடம் கொடுத்துவிட்டு, அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, அந்த ஃபோல்டரை மூடினேன். அடுத்த பதிப்பில் யாருக்கும் சொல்லாமல் சேர்த்தேன். பதிப்போடு வரும் குறிப்பில் ‘சிறு மேம்பாடுகள்’ என்று போட்டேன்.

அக்கா என் மேசைக்கு வந்தார். இந்த முறை அறையில் யாரும் இல்லை.

“அந்த ஃபோல்டரை மூடிட்டீங்க போல. ஏன் தம்பி இப்போ?”

சொல்லிவிட்டேன். அழைப்பு, கேள்வி, என் பதில், எல்லாவற்றையும்.

“அவருக்கு வேலை போயிடுச்சா?”

“தெரியலக்கா.”

“தெரியலையா, கேக்கலையா?”

அன்று மதியமே மருத்துவமனைக்குக் கூப்பிட்டுக் கணினிப் பராமரிப்பாளர் இருக்கிறாரா என்று கேட்டேன். “அவர் இப்ப இங்க இல்லைங்க,” என்றது ஒரு குரல். எங்கே போனார் என்று கேட்டேன். குரல் தணிந்தது. “நிறுத்திட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

8

முதலாளியைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக நகரும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நடந்ததையும், மருத்துவமனைக்கு எழுத வேண்டும் என்பதையும் நான் சொல்ல முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எழுது. எழுதித்தான் ஆகணும். ஆனா ‘சமீபத்தில் கண்டறியப்பட்ட குறை’ன்னு போடு.”

“சமீபத்துல இல்லையே சார்.”

“பதினொரு குடும்பம்பா. நீ ஒருத்தன் மனசு லேசாகறதுக்கு எல்லாரையும் தெருவுல விட்டுடாதே.”

அப்படியே எழுதினேன். மருத்துவமனை இயக்குநருக்கு ஒன்று, பராமரிப்பாளரின் வீட்டு முகவரிக்கு ஒரு பிரதி. தபாலில் சேர்த்த அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். ‘தாங்கள் குறிப்பிடும் குறை சமீபத்தில்தான் கண்டறியப்பட்டது என்பதாலும், சம்பவத்தின்போது அது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதாலும், அதை எவரும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லை எனக் கருதுகிறோம். அப்போது தங்கள் நிறுவனமே தொலைபேசியில் இதை மறுத்ததாக அவரே விசாரணையில் தெரிவித்திருக்கிறார். எனவே எங்கள் முடிவில் மாற்றம் இல்லை.’

நான் சொன்ன பொய்யை அவர் மறைக்காமல் விசாரணையில் சொல்லியிருக்கிறார். அது அவருக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தேதான் சொல்லியிருப்பார்.

9

இந்த இடத்திலிருந்து இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் இயக்குநரின் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பராமரிப்பாளரை வரவழைக்கிறார்கள். அவர் என்னைக் கட்டிக்கொள்கிறார். சன்னல் வழியாக வெயில்—

வேண்டாம்.

(ஆ) சில வருடம் கழித்து அவரைத் தற்செயலாகச் சந்திக்கிறேன். சொந்தக் கடை, நல்ல வருமானம். “அந்த வேலை போனது நல்லதுக்குத்தான் சார்,” என்கிறார்.

பக்தியுள்ளவனுக்கு இந்த இரண்டாவது முடிவு மிகவும் இனிக்கும். எல்லாவற்றையும் இறைவன் நன்மையாக மாற்றிவிட்டான் என்று முடித்துவிடலாம். பல நாள் இதையே வைத்திருந்தேன். பிறகு ஒரு காலை, கண்மூடி உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. இதில் கடவுளை என் வக்கீலாக வைத்திருந்தேன்.

10

பராமரிப்பாளரின் வீட்டில் விசாரித்து, நேரில்தான் போனேன். அவர் தன் மச்சானின் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தார். கதவகலம்தான் கடை. முன்னால் மச்சான் நின்று உறைகள் விற்றார். பின்னால் ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, ஒரு மேசை விசிறி. அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

நான் வாயைத் திறந்ததும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“நீங்கதானா சார் அன்னிக்குப் பேசினது?”

“ஆமாங்க.”

முக்காலியைத் துடைத்துப் போட்டார். விசிறியை என் பக்கம் திருப்பினார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு அந்தக் காற்றில் எங்கோ போயிற்று. ஒருவர் திட்டினால் தாங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறோம். விசிறியைத் திருப்பினால் என்ன செய்வது என்று தெரிவதில்லை.

“லெட்டர் காப்பி வந்துச்சு சார். படிச்சேன்.” பிரித்து வைத்திருந்த கைபேசியைப் பார்த்தபடியே பேசினார். “சமீபத்துலன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“நான் கேட்டன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?”

முன்னால் ஒரு வாடிக்கையாளர் இந்த உறை ஒரு மாதம்கூட வராது என்று வாதாடிக்கொண்டிருந்தார். “நீங்க கீழ போடாம இருங்க, ஆயுசுக்கும் வரும்,” என்றார் மச்சான்.

“தெரியும்,” என்றேன்.

இடுக்கியில் பிடித்திருந்த திருகாணியை ஒரு மூடிக்குள் மெதுவாக வைத்தார்.

“விசாரணையில கேட்டதெல்லாம் பரவாயில்ல சார். அது அவங்க வேலை. வீட்டுக்கு வந்து சொன்னேன், கம்பெனிக்காரங்களே வாய்ப்பே இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னு. என் பொண்டாட்டி கேட்டா, அப்புறம் யாருங்க பண்ணியிருப்பாங்கன்னு. சந்தேகப்பட்டுக் கேக்கல. சும்மாதான் கேட்டா.” விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். “அந்தச் சும்மாவைத்தான் சார் தாங்க முடியல.”

“மன்னிச்சிடுங்க.”

“அதை எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேன்ல? அதுக்குச் சரியான பதிலை எழுதிக் குடுங்க. அது போதும்.”

“மச்சான், அந்த டிஸ்பிளே மாத்தியாச்சா?” என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

“இந்தா ஆச்சு.” என்னிடம் திரும்பினார். “வெயில் கொளுத்துது. கொஞ்சம் தாழ்ந்ததும் போங்க சார்.”

தாழும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வேலையைப் பார்த்தார். விசிறி என் பக்கமே இருந்தது.

11

இரண்டாவது கடிதத்தை என் பெயரில் எழுதினேன். நிறுவனத்தின் தாளில் அல்ல. அந்தக் குறை எந்தத் தேதியில் உண்டானது, யார் உண்டாக்கியது, சம்பவத்துக்கு எத்தனை மாதம் முன்பே அது கண்டுபிடிக்கப்பட்டது, அதை மூடி வைத்தது யார், பராமரிப்பாளர் தொலைபேசியில் கேட்ட அன்று எனக்கு அது தெரியும் என்பது. கூடவே அக்காவின் நான்கு படிகளையும் அச்செடுத்து இணைத்தேன். அவரிடம் அனுமதி கேட்டபோது, “தாராளமா போடுங்க தம்பி,” என்றார். “ஆனா என் பேரைத் தப்பில்லாம எழுதுங்க. அதுக்கும் ஒரு பிழை போட வெச்சிடாதீங்க.”

முதலாளியின் மேசையில் ஒரு பிரதியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதன் பிறகு பராமரிப்பாளருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். விடை எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கிடைத்தது என்று எழுதினால் என்னை மன்னித்துவிடுவீர்கள். கிடைக்கவில்லை என்று எழுதினால், பாவம், இவரும் முயன்று பார்த்தாரே என்பீர்கள். இரண்டுமே எனக்கு லாபம்தான். வேண்டுமானால் நீங்களே ஒரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்னைச் சேர்க்காதீர்கள். அவரையும், சும்மா கேட்ட அவர் மனைவியையும் வையுங்கள். பட்டியலில் ஓர் இடம் பின்னால் போன அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு வரி கொடுங்கள். என் எந்த வரைவிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் எழுதக்கூடியது ஒன்றுதான் மிச்சம்.

12

அவருக்கான பிரதியைத் தபாலில் சேர்த்துவிட்டு, இயக்குநருக்கானதை நானே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மதிய இடைவேளை. நாற்காலிகள் காலி. தபால் வாங்கும் மேசையிலும் ஆள் இல்லை. தபால் வரவுப் பதிவேடு மட்டும் திறந்திருந்தது, நடுவில் நூல் கட்டிய பேனா.

யாராவது வரட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே பேனாவை எடுத்தேன். வரிசை எண் போட்டேன். தேதி போட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். ‘விவரம்’ என்ற கட்டத்தில், ஒரு தொலைபேசிக் கேள்விக்குப் பதில் என்று எழுதினேன்.

உறையைத் தட்டில் வைத்தேன். காற்றில் பறக்காதபடி அதன்மேல் அங்கிருந்த முத்திரைக் கட்டையை எடுத்து வைத்துவிட்டு, படியிறங்கி வந்தேன்.